டான்சில் எடுத்த பிறகு

குழந்தைக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் சொன்னவுடன் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அறுவையைப் பற்றியவை. மயக்க மருந்து கொடுப்பீர்களா? எவ்வளவு நேரம் ஆகும்? இரத்தம் நிறையப் போகுமா? இவற்றுக்கெல்லாம் டாக்டரிடம் விடை உண்டு. மேசையில் நடக்கும் வேலை அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். ஆனால் அதன் பிறகு குழந்தை பழையபடி உண்டு, உறங்கி, ஓடியாட ஏறத்தாழப் பதினான்கு நாட்கள் ஆகின்றன. அவற்றுள் மருத்துவமனையில் கழிவது ஒன்றோ இரண்டோதான். மீதி நாட்கள் வீட்டில், தாயின் பொறுப்பில் கழிகின்றன.

மருத்துவ வரலாற்றிலும் இதே கணக்குத்தான். டான்சிலை அறுப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. கருவிகளின் படங்களும் அவற்றைச் செய்தவர்களின் பெயர்களும் நூல்களில் நிறைந்திருக்கின்றன. அறுத்த பிள்ளையைத் தேற்றுவது எப்படி என்று மனிதர்கள் கற்றுக்கொண்ட கதையோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. அதில் சில பக்கங்கள் துயரமானவை. அவற்றைப் பொறுக்கி எடுத்து ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்போம்.

மூடாத புண்

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாயை அகலத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். உள்நாக்கின் இரு புறமும் பக்கத்துக்கு ஒன்றாகத் தெரியும் சதைகளே டான்சில்கள். மூக்கின் பின்புறம், மேலண்ணத்துக்கும் மேலே, கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருப்பது அடினாய்டு. நாக்கின் அடிப்பகுதியிலும் இதே வகைத் திசு உண்டு. எல்லாம் சேர்ந்து தொண்டையின் வாயிலில் ஒரு வளையம் போல அமைந்திருக்கின்றன. ஜெர்மன் உடற்கூற்று அறிஞர் வால்டயர் 1884இல் இதை விவரித்தமையால் வால்டயர் வளையம் என்றே பெயர் பெற்றது. மூச்சோடும் உணவோடும் வரும் கிருமிகளை உடல் முதலில் சந்தித்து அடையாளம் கண்டுகொள்ளும் காவற்சாவடி அது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும்.

உடலின் வேறு பகுதியில் கத்தி பட்டால் தையல் போட்டு மூடுகிறார்கள்; மேலே கட்டுப் போடுகிறார்கள். டான்சில் எடுத்த குழியைப் பொதுவாகத் தைப்பதில்லை. கட்டுப் போடவும் வழியில்லை. அந்தப் புண் எச்சிலில் ஊறியபடியே, நாளுக்குப் பல நூறு முறை விழுங்கும்போதெல்லாம் அசைந்தபடியே, தானாக ஆற வேண்டும். முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் உலர்ந்து பொருக்குத் தட்டுகிறது. ஈரமான தொண்டையில் பொருக்குக்குப் பதிலாகப் பாலாடை போன்ற வெண்மையான ஏடு ஒன்று படிகிறது. இரத்தத்திலுள்ள ஃபைப்ரின் என்ற புரதமே இதன் முக்கியப் பகுதி. பல பெற்றோர் இதைப் பார்த்துச் சீழ் பிடித்துவிட்டது என்று அஞ்சுகிறார்கள். அது சீழன்று, இயற்கை போட்ட கட்டு. வாயில் அப்போது ஒரு துர்நாற்றமும் வரும். அதுவும் எதிர்பார்க்க வேண்டியதே.

ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இந்த ஏடு உரிந்து விழுகிறது. பின்வரும் கதையில் பல திருப்பங்கள் இந்த நாட்களில்தான் நிகழ்கின்றன என்பதால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரலும் வினிகரும்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செல்சஸ், கெட்டிப்பட்ட டான்சிலைச் சுற்றி விரலால் சுரண்டிப் பெயர்த்து எடுக்கச் சொல்கிறார். வராவிட்டால் கொக்கியால் பிடித்துக் கத்தியால் அறுக்க வேண்டும். அதன் பிறகு புண்ணை வினிகரால் கழுவி, இரத்தம் கட்டும் மருந்தைத் தடவ வேண்டும். தேற்றும் கலை பற்றி அவர் எழுதியது அவ்வளவே. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவைச் சேர்ந்த பவுல் என்ற மருத்துவர் நோயாளியைச் சூரிய ஒளியை நோக்கி உட்காரவைத்து, ஒருவர் நாக்கை அழுத்திப் பிடிக்க மற்றவர் அறுக்கும் முறையை விவரித்தார். மின்விளக்கு இல்லாத காலத்தில் அறுவை அறைக்கு விளக்கு சூரியன்தான்.

நம் நாட்டின் சுசுருத சங்கிதை உள்நாக்கு நீண்டு தொங்கும் நோய்க்கு அறுவை சொல்லும் இடத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அளவுக்கு மேல் அறுத்தால் இரத்தம் பெருகி உயிர் போகும். குறைவாக அறுத்தால் வீக்கமும் எச்சில் வடிதலும் மிஞ்சும். அறுத்த இடத்தில் மிளகு முதலியவற்றின் பொடியைத் தேனும் உப்பும் கலந்து தடவச் சொல்கிறது அந்நூல். அந்தப் பிள்ளை எப்படி அலறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

பிறகு நெடுங்காலம் பெரிய மாற்றமில்லை. 1828இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஃபிலிப் சிங் ஃபிசிக், வளையத்துக்குள் டான்சிலை மாட்டிக் கத்தியைத் தள்ளினால் ஒரே வீச்சில் துண்டிக்கும் கருவியைச் செய்தார். லண்டனில் மொரெல் மெக்கன்சி அதைத் திருத்திப் பரப்பினார். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளை வெட்டிய கில்லட்டின் இயந்திரத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். அடினாய்டைக் கண்டு சொன்னவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேயர். காது மந்தமாகி, மூக்கால் மூச்சு விட முடியாமல் வந்த ஓர் இளம்பெண்ணின் தொண்டைக்குள் விரலை விட்டு மேல்நோக்கித் தடவிப் பார்த்து, அங்கே மென்மையான சதை அடைத்திருப்பதைக் கண்டார். 1868இல் அதை வெளியிட்டார். வாயைப் பிளந்தபடி உறங்கும், வகுப்பில் மந்தமாக இருக்கும் பல பிள்ளைகளின் குறை அறிவில் இல்லை, மூக்கின் பின்னால் இருக்கிறது என்ற உண்மை அதிலிருந்து பிறந்தது.

கில்லட்டின் வேலை சில நொடிகளில் முடியும். ஆகவே பல இடங்களில் மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் சுற்றிப் பிடித்து, எடுத்து முடித்தவுடன் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். எழுத்தாளர் ரோல்ட் டால் 1924இல் நார்வேயில் எட்டு வயதில் தமக்கு மயக்க மருந்தே இல்லாமல் அடினாய்டு எடுக்கப்பட்டதையும், அப்போதே தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்ததையும் தமது இளமைக் கால நினைவுகளில் எழுதியிருக்கிறார். அன்று அது வியப்புக்குரிய செய்தியே அன்று.

ஆனால் கில்லட்டின் டான்சிலை முழுதாக எடுப்பதில்லை. மேற்பகுதியைச் சீவிவிட்டு அடிப்பகுதியை விட்டுவிடும். அது மீண்டும் வளர்ந்தது. லண்டனில் ஜார்ஜ் வா 1909இலும், பால்டிமோரில் சாமுவேல் குரோ 1917இலும் டான்சிலை அதன் உறையோடு பிரித்து முழுமையாக எடுக்கும் முறையை விவரித்தனர். இந்த மாற்றத்தின் விலையைக் கவனியுங்கள். உறையோடு எடுத்தால் அடியிலுள்ள தசை வெளிப்படுகிறது. ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் அந்தத் தசைதான் சுருங்குகிறது. நோய் திரும்புவது குறைந்தது, வலி கூடியது. இரண்டு வாரத் தேற்றம் என்ற சிக்கல் முழு அளவில் பிறந்தது இங்கேதான்.

சொல்லாமல் செய்ததன் விளைவு

நியூயார்க் நகரின் கிழக்குக் கீழ்ப்பகுதியில் அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. 1906 ஜூன் மாதம் அங்குள்ள பள்ளி ஒன்றில், மருத்துவர்கள் பள்ளிக்கே வந்து பல பிள்ளைகளுக்கு அடினாய்டு அறுவை செய்தார்கள். மருத்துவ நோக்கில் நல்ல எண்ணம்தான். ஆனால் தாய்மார்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கிச் சொன்னவர் யார்? சில நாட்களில், பள்ளியில் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. ஜூன் 27ஆம் நாள் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள். கண்ணாடிகள் உடைந்தன, காவலர்கள் வந்தார்கள், பிள்ளைகளை வெளியே விட்ட பிறகே கூட்டம் கலைந்தது.

அறியாத மக்களின் கலவரம் என்று சிரிப்பது எளிது. அதே ஊரில் 1934இல் வெளியான ஒரு கணக்கைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பதினொரு வயதுள்ள 1000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது 61 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சியவர்களை மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்களுள் 45 விழுக்காட்டினருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களை மட்டும் வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு எடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. மூன்றாம் முறை 44 விழுக்காடு. ஆயிரம் பேரில் கடைசியாக அறுவை வேண்டாம் என்று தப்பியவர்கள் 65 பேரே. இது நோயை அளந்த கணக்கன்று. மருத்துவர்களின் பழக்கத்தை அளந்த கணக்கு. இங்கிலாந்தில் அலிசன் குளோவர் 1938இல் காட்டியதும் இதைத்தான். ஹார்ன்சி என்ற வட்டாரத்தில் 1928இல் 186 பிள்ளைகளுக்கு நடந்த அறுவை, பள்ளி மருத்துவ அதிகாரி மாறியதும் 1929இல் 12 ஆகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தாய்

அறுவை பெரிதானதும் பிள்ளையை மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. படுக்கவைத்ததும் தாயை வெளியே நிறுத்தினார்கள். கிருமி கொண்டு வருவாள் என்பது ஒரு காரணம். தாயைக் கண்டால் பிள்ளை அழும், காணாவிட்டால் அமைதியாகிவிடும் என்பது இன்னொரு காரணம். 1949இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, வாரத்தில் ஞாயிறு ஒரு மணி நேரம், புதன் ஒரு மணி நேரம் என்றெல்லாம் இருந்தன. ஓரிடத்தில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்க்க மட்டுமே அனுமதி. இன்னோரிடத்தில் முதல் மாதம் முழுவதும் பிள்ளை உறங்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மாற்றுக் கருத்து இல்லாமல் இல்லை. கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுக் காலத்தில் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட 8,988 அறுவைகளை 1909இல் கணக்குக் காட்டினார். அத்தனை பேரும் அன்றே வீடு திரும்பிய பிள்ளைகள். சிறு குழந்தைக்குத் தாயைவிடச் சிறந்த செவிலி இல்லை, வார்டில் கிடத்துவதால் பயன் கொஞ்சமே என்பது அவர் வாதம். 1920களில் நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ், தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கும் அறைகளை மருத்துவமனையிலேயே அமைத்தார். இருவரையும் பாராட்டினார்கள், பின்பற்றியவர்கள் குறைவு.

மனத்தை மாற்றியது ஒரு திரைப்படம். 1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு சிறு படக்கருவியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமியை நாள்தோறும் குறித்த நேரங்களில் படம் பிடித்தார். வார்டு ஊழியர்கள் அமைதியான பிள்ளை என்று கருதிய சிறுமி, படத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு தாயைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தாய் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மருத்துவர் கூட்டத்தில் படத்தைக் காட்டியபோது பலர் சினந்தார்கள். ஆனால் கண்ட காட்சியை மறக்க முடியவில்லை. 1959இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பார்வை நேரக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும், சிறு பிள்ளையோடு தாய் தங்க வசதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் அதைத் தாமாகச் செய்துவிடவில்லை. 1961இல் தாய்மார்களே சங்கம் அமைத்துக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். நம் மருத்துவமனைகளில் பிள்ளையின் கட்டிலருகே பாயை விரித்துப் படுத்திருக்கும் தாயைப் பார்த்து இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்கள், மற்றவர்கள் இவ்வளவு சுற்றிவந்து சேர்ந்த இடம் அந்தப் பாய்தான் என்பதை அறிய வேண்டும்.

ஆக்ரன் குடும்பம்

தேறும் நாட்களில் தொண்டை ஒரு திறந்த கதவு. இதை உலகுக்கு உணர்த்தியது 1941இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நடந்த நிகழ்ச்சி. ஒரு குடும்பத்தில் ஆறு பிள்ளைகள். ஆகஸ்டு மாதத்தில் ஒரே சமயத்தில் ஐவருக்கு டான்சில் எடுத்தார்கள். அந்நாட்டில் போலியோ பரவும் பருவம் கோடைதான். சில நாட்கள் சென்று ஐந்து பிள்ளைகளையும் போலியோ தாக்கியது. கால்களை முடக்கும் சாதாரண வகை அன்று. மூளையின் அடித்தண்டைத் தாக்கி மூச்சையும் விழுங்குவதையும் முடக்கும் கொடிய வகை. மூன்று பிள்ளைகள் இறந்தன. அறுவை செய்யப்படாத ஆறாவது பிள்ளை தப்பியது.

டான்சில் அறுவைக்கும் இந்த வகைப் போலியோவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் அதற்கு முன்பே உண்டு. ஆக்ரனுக்குப் பிறகு போலியோ பருவத்தில் இந்த அறுவையைத் தள்ளிப் போடுவது பரவலாயிற்று. தொண்டைப் புண்ணில் அறுபட்ட நரம்பு முனைகள் வழியே வைரஸ் மூளைத்தண்டுக்கு ஏறுகிறது என்பது அன்றைய விளக்கம். 1971இல் பியரே ஓக்ரா என்ற ஆராய்ச்சியாளர் இன்னொரு காரணத்தையும் காட்டினார். முன்பே தடுப்பு மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு டான்சிலையும் அடினாய்டையும் எடுத்த பின் அளந்து பார்த்தால், மூக்குத் தொண்டைச் சுரப்பில் போலியோவை எதிர்க்கும் பொருள் குறைந்திருந்தது. காவற்சாவடி என்று முதலில் சொன்னது வெறும் உவமை அன்று. சால்க் தடுப்பூசி 1955இல் வந்த பிறகு இந்த அச்சம் படிப்படியாக மறைந்தது. இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் 2014இல் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

மென்ற மருந்தும் விழுங்கிய மருந்தும்

வலிக்கு என்ன கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் ஒரு நகரத்து டாக்டர். மற்றவர் பேசவும் பழகாத ஒரு குழந்தை.

டாக்டரின் பெயர் லாரன்ஸ் கிராவன். கலிஃபோர்னியாவின் க்ளெண்டேல் நகரில் மருத்துவம் பார்த்தவர். டான்சில் எடுத்தவர்களுக்கு வலி தணிய ஆஸ்பிரின் கலந்த மெல்லும் மிட்டாயை அவர் கொடுப்பது வழக்கம். மென்றால் தாடை அசையும், எச்சில் ஊறும், தொண்டை இறுகாது என்பதெல்லாம் நல்ல காரணங்களே. ஆனால் 1940களில் சிலருக்கு நிறுத்த முடியாதபடி இரத்தம் கசிவதைக் கண்டார். விசாரித்தால், மிக மோசமாகக் கசிந்தவர்கள் டாக்டர் கொடுத்தது போதாமல் கடையில் கூடுதலாக வாங்கி மென்றவர்கள். கிராவன் தம் மீதே சோதனை செய்தார். நாளுக்குப் பன்னிரண்டு ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கினார். சில நாளில் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது.

வேறொருவராயிருந்தால் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். கிராவன் ஒரு படி மேலே போய் யோசித்தார். மாரடைப்பு இரத்தம் உறைவதால் வருகிறது. தொண்டையில் உறைவதைத் தடுத்துத் தொல்லை தரும் பொருள், இதயத்தில் உறைவதைத் தடுத்து உதவலாமே! நடுவயதைக் கடந்த ஆண்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்து, 1950 முதல் 1956 வரை கட்டுரைகள் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை. ஆகவே அறிவியலார் பொருட்படுத்தவில்லை. 1957இல் அவர் காலமானார். 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கில அறிஞர் ஆஸ்பிரின் வேலை செய்யும் வகையைக் கண்டறிந்து, 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்று மாரடைப்பு வந்தவர்கள் விழுங்கும் சிறு ஆஸ்பிரின் மாத்திரைக்கு, டான்சில் எடுத்த தொண்டைகளில் கசிந்த இரத்தம் ஒரு தொடக்கம்.

நமக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். இரத்தம் உறையத் தொடங்க உதவுபவை தட்டணுக்கள். ஒரு முறை ஆஸ்பிரின் தொட்ட தட்டணு, அதன் ஏறத்தாழப் பத்து நாள் ஆயுள் முழுவதும் செயலிழந்தே இருக்கிறது. பத்து நாள்! தொண்டையின் வெண்ணேடு உரிந்து விழும் நாட்களும் அவையே. போதாததற்கு, வைரஸ் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரை நோய் என்ற அரிய, ஆபத்தான நோய் வரக்கூடும் என்று 1980களில் எச்சரித்தார்கள். தேறும் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கூடாது.

ஆஸ்பிரின் போனதும் அந்த இடத்துக்குப் பல நாடுகளில் வந்தது கோடீன். அபினியிலிருந்து 1832இல் பிரித்தெடுக்கப்பட்ட பழைய மருந்து. பாதுகாப்பானது என்று பெயர் எடுத்தது. கோடீன் தானாக வலியைப் போக்குவதில்லை. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. வலியைத் தணிப்பது அந்த மார்ஃபின். இந்த நொதி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பிறவியிலேயே சிலருக்குக் கிட்டத்தட்ட இல்லை. அவர்களுக்குக் கோடீனால் பயனில்லை. சிலருக்கோ மிகுதி.

2009இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான குறிப்பு ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றியது. உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தமையால் டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வழக்கமான அளவில் கோடீன் எழுதிக் கொடுத்தார்கள். தாய் சொன்னபடியே கொடுத்தாள். இரண்டு இரவுகள் கழித்துக் குழந்தை இறந்து கிடந்தது. இரத்தத்தில் மார்ஃபின் மிக அதிகம். பரம்பரைக் கூறுகளைச் சோதித்தபோது, அந்த நொதி மிகுதியாக உள்ளவர்களில் அக்குழந்தையும் ஒன்று. யாரும் அளவைத் தவறவிடவில்லை என்பதே இந்தச் செய்தியின் கொடுமை. பிறகு இத்தகைய நிகழ்ச்சிகள் மேலும் சில தெரியவந்தன. டான்சில் அறுவைக்குப் பின் பிள்ளைகளுக்குக் கோடீன் கூடாது என்று 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையான எச்சரிக்கை விதித்தது. ஐரோப்பாவிலும் அதே ஆண்டு தடை வந்தது.

இன்று பெரும்பாலும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் ஆகிய இரண்டையும் கொண்டே வலியைச் சமாளிக்கிறார்கள். இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினின் உறவு முறை ஆயிற்றே, இரத்தம் கசியாதா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. 2019இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டி அதைக் கொடுக்கலாம் என்றே சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நாமே செய்யலாம். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய இருமல் மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். அதில் கோடீன் கலந்திருக்கலாம்.

ஐஸ்கிரீமின் கணக்கு

டான்சில் எடுத்தால் ஐஸ்கிரீம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது அமெரிக்க வழக்கம். தொண்டைப் புண்ணுக்குக் குளிர்ந்ததா என்று நம் வீட்டுப் பாட்டிமார் திகைப்பார்கள். இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் இந்த இடத்தைச் சும்மா கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. பத்து டிகிரி குளிர்ந்த நீர் ஒரு கிராம், உடலின் 37 டிகிரிக்கு வர 27 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் பனிக்கட்டியோ உருகுவதற்கே 80 கலோரி வேண்டும். உருகிய நீர் 37 டிகிரிக்கு ஏற இன்னும் 37. ஆக 117 கலோரி, நான்கு மடங்குக்கு மேல். இந்த வெப்பம் புண்ணிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள திசுவிலிருந்தும் வருகிறது. குளிர்ந்த திசுவில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நரம்பு வலிச் செய்தியை மெதுவாகக் கொண்டு செல்கிறது. சிறு பனிக்கட்டியைச் சப்பக் கொடுப்பது வேடிக்கையன்று. பனிக்கட்டி மட்டும் சுத்தமான நீரில் வீட்டிலேயே செய்ததாக இருக்கட்டும்.

உணவில் பத்தியம் பற்றியும் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் கூழும் ஜெல்லியும் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் வார்டுகளில் மறுநாளே வறுத்த ரொட்டியைக் கடித்துத் தின்னச் சொன்னார்கள். எது சரி? வழக்கமான உணவைத் தின்ற பிள்ளைகளுக்கு இரத்தக் கசிவு கூடியதாகத் தெளிவான சான்று இல்லை. ஆகவே பிள்ளை விரும்பியதைக் கொடுக்கலாம். ஓரிரு நாள் சோறு இறங்காவிட்டால் குடி முழுகாது. நீர் இறங்க வேண்டும். விழுங்க வலிக்கிறது என்று குடிக்க மறுக்கும். குடிக்காததால் தொண்டை வறண்டு வலி கூடும். வலி கூடியதால் இன்னும் மறுக்கும். இந்தச் சுழலை உடைப்பதே தாயின் முதல் வேலை. வலி மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கும் அரை மணி கழித்து, ஆறிய கஞ்சியோ இளநீரோ மோரோ சிறு மிடறுகளாகக் கொடுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடி போன்ற புளிப்புச் சாறுகள் எரியும். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்கக் கூடாது.

காது வலிக்கிறது என்று பிள்ளை அழலாம். காதில் ஒன்றும் இராது. டான்சில் குழிக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. மூளை முகவரி மாற்றிப் படித்துவிடுகிறது. மூன்றாம், நான்காம் நாளில் வலி முன்னைவிடக் கூடுவதும் உண்டு. பெற்றோர் பலர் முதல் இரண்டு நாள் மருந்து கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவதால் பிள்ளை அப்போதுதான் அதிகம் துன்பப்படுகிறது.

1959இல் அமெரிக்காவில் 14 லட்சம் பேருக்கு மேல் நடந்த இந்த அறுவை பின்னர் வெகுவாகக் குறைந்தது. பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டாண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்றாண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை என்று கடுமையாகத் தொண்டை நோய் கண்ட பிள்ளைகளுக்கே பயன் தெளிவாக உண்டு என்று காட்டியது. இன்று செய்யப்படும் அறுவைகளில் பெரும்பங்கு உறக்கத்தில் மூச்சு அடைபடும் பிள்ளைகளுக்கு. அவர்களுள் பலருக்கு உறையையும் ஒரு மெல்லிய அடுக்குத் திசுவையும் விட்டுவிட்டு மீதியை மட்டும் சீவி எடுக்கும் முறை இந்த நூற்றாண்டில் திரும்ப வந்திருக்கிறது. தசை வெளிப்படாததால் வலி குறைவு; கில்லட்டின் காலத்தைப் போலவே சிலருக்கு மீண்டும் வளர்வதும் உண்டு.

மூச்சுத் தடைக்காக அறுவை செய்த பிள்ளை முதல் சில இரவுகள் வீக்கத்தால் முன்போலவே குறட்டை விடலாம். அருகில் படுத்து மூச்சைக் கவனியுங்கள். ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். இரண்டு வாரம் பள்ளியும் ஓட்டமும் வேண்டாம். அந்த நாட்களில் உறங்கும் பிள்ளை எதையோ விழுங்குவதுபோல அடிக்கடி மிடறு விழுங்கினால் விளக்கைப் போட்டு, எழுப்பி, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கசியும் இரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். புதிய சிவந்த இரத்தம் தெரிந்தால், கொஞ்சமாக இருந்தாலும், தானாக நின்றுவிட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.